நேற்று எத்தனை லாரி?

மாணவியர் விடுதி, அறை 14
ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள்" என்று நான் எழுதினால் அது கேள்வியா பதிலா என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். கேள்விதான். உங்கள் காது எப்படி இருக்கிறது, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுதவும்.

இரண்டாம் வருஷம் தொடங்கிவிட்டது. போன வருஷம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினோம். இந்த வருஷம்தான் ரத்தத்தைத் தொட விட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டைத் தகட்டில் தேய்த்து உருப்பெருக்கியில் பார்க்கிறோம். என் தகடு மட்டும் திட்டுத்திட்டாக வருகிறது, பழகிவிடும் என்கிறார்கள். அறைத்தோழி போன வருஷத்து ஆளேதான். குறட்டையும் போன வருஷத்துக் குறட்டையேதான்.

ஒரு நல்ல செய்தி. அறக்கட்டளை உதவித்தொகையும் அரசாங்க மானியமும் இந்தத் தடவை ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. கல்லூரி தன் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. விடுதிக்கென்று இரண்டு இடத்திலிருந்தும் பணம் வந்ததால் ஒரு பங்கு அப்படியே மிஞ்சிவிட்டது. பதினெட்டாயிரத்து நானூறு. கல்லூரிக் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா காசோலையைக் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோ, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்றார். வங்கியில் போட்டுவிட்டேன். ஊரில் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். அந்தப் பணத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், நேரம் வரும்போது எழுதுகிறேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் மாதம் அனுப்பும் ஆயிரத்தை இனி நிறுத்திவிடலாம் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமையும் எடைமேடைக்குப் போய் லாரிப் புழுதியைத் தின்ன வேண்டாம்.

இப்படிக்கு,
கடுகு

*

எடைமேடை அறை
ஜூலை 15

அன்பு மகள் கடுகுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கேட்டபடி தனித்தனியாகப் பதில். அம்மாவின் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் வாயைத் திறக்கிறது. என் வலது காது வேலை செய்கிறது. இடது காது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

கடைக்காரர் வீட்டுப் போனில் இனிமேல் கூப்பிடாதே. போன தடவை நீ பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் இருந்தது. நான் "என்ன? என்ன?" என்று கத்தியதில், சோப்பு வாங்க வந்தவர்களெல்லாம் நம் வீட்டு விஷயத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். நமக்குக் கடிதம் போதும்.

வழக்கம்போல் இதையும் வீணாய்ப்போன எடைச்சீட்டுகளின் முதுகில்தான் எழுதுகிறேன். முதலாளியிடம் கேட்டு எடுத்தவைதான், கவலைப்படாதே. நேற்று இருபத்தெட்டு லாரி. இன்று மத்தியானத்துக்குள்ளேயே முப்பத்தொன்று. நேற்று மணல் ஏற்றப் போகும் லாரி ஒன்று வெறும் வண்டி எடை போட வந்தது. வண்டிக்குள் ஓட்டுநரின் மனைவி, மச்சான், இரண்டு அரிசி மூட்டை. வெறும் வண்டியின் எடை கூடினால், அப்புறம் மணலின் எடை குறைவாகத் தெரியும், காசும் குறையும் என்பது அவர் கணக்கு. மணலோடு திரும்பி வந்தபோது மச்சானையும் காணோம், மூட்டையையும் காணோம். மச்சான் எங்கே என்று கேட்டேன். அங்கேயே தூங்கிவிட்டாராம். மூட்டையும் கூடவே தூங்குகிறதா என்று கேட்டு, மணலை இறக்கி வெறும் வண்டியை மறுபடி எடை போட வைத்துத்தான் சீட்டுக் கொடுத்தேன்.

மிச்சப் பணம் பற்றிப் படித்தேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது பெற்றோர் உறுதிமொழி என்று ஒரு தாள் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அதில் கையெழுத்து என்னுடையது. ஆகவே செய்ய வேண்டியதை நான் செய்துவிடுகிறேன், நீ படிப்பைப் பார்.

மாதம் அனுப்புவது நிற்காது. அது என் பழக்கம். இந்த வயதில் பழக்கத்தை மாற்றினால் உடம்புக்கு ஆகாது.

ஆசிகளுடன்,
அப்பா

*

அறை 14
ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். மூன்று நாள் ஜலதோஷம் இருந்தது, போய்விட்டது. உங்கள் இருவருக்கும் எப்படி என்று எழுதவும்.

ஆகஸ்ட் மாதத்து ஆயிரமும் வந்துவிட்டது. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று என்னைத்தான் வீட்டில் சொல்வீர்கள். அம்மாவிடம் கேளுங்கள், இது யாரிடமிருந்து வந்த குணம் என்று.

என் தகடு இப்போது நன்றாக வருகிறது. ஆசிரியர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அறைத்தோழி அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

"செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறேன்" என்றால் என்ன? செய்ய ஒன்றுமே இல்லையே. பணம் வங்கியில் இருக்கிறது, இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இன்னும் போகிறீர்களா? அந்த மச்சான் மறுபடி வந்தாரா? போன மாதக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. எடைமேடைச் செய்தி இல்லாமல் எனக்கு இங்கே பொழுது போகவில்லை.

கடுகு

*

வீடு
செப்டம்பர் 16

அன்பு மகள் கடுகுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. அம்மா நலம். உனக்கு ஜலதோஷம் போனது பற்றி மகிழ்ச்சி. தலையை ஈரத்தோடு கட்டாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

எடைமேடை அதன் இடத்தில் இருக்கிறது. லாரிகள் வருகின்றன, போகின்றன. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறேன். அதில் அம்மாவுக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. டப்பாக்களை எல்லாம் உயரப்படி அடுக்கி வைத்தேன். சர்க்கரை எது, உப்பு எது என்று இரண்டு நாள் தடுமாறினாள். எடைச்சீட்டுக் கையிருப்பு தீர்ந்துவிட்டதால் இது நோட்டுப் புத்தகத் தாள்.

ஒரு லாரிக்காரர் உண்டு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடைமேடையில் தான் மட்டும் ஏறி நின்றார். பத்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் எங்கள் மேடைக்குத் தெரியாது. எண்பதா தொண்ணூறா என்று அது திகைத்தது. "எண்பதுன்னே எழுதிக் குடுங்க, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். மேடை காட்டியதைத்தான் எழுதுவேன், ஆள் கேட்டதை எழுத மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டிருந்தாய். அது செய்தாகிவிட்டது. ஜூலையிலேயே உரிய இடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

அப்பா

*

அறக்கட்டளை அலுவலகம்
அக்டோபர் 9

பெறுநர்: மாணவி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு

தாங்கள் பெறும் உதவித்தொகை மற்றும் மானியத்தில், கட்டணங்கள் போக ரூபாய் பதினெட்டாயிரத்து நானூறு மிச்சம் இருப்பதாகத் தங்கள் தந்தையார் ஜூலை 16 தேதியிட்ட கடிதத்தில் தாமாகவே முன்வந்து தெரிவித்துள்ளார். அவருக்கு எம் நன்றி. இத்தகைய கடிதம் இவ்வலுவலகத்துக்கு வருவது இதுவே முதல் முறை என்பதால் உரிய விதியைக் கண்டறியத் தாமதமாயிற்று.

விதி 11-இன்படி மேற்கண்ட தொகை தங்களது மூன்றாம் ஆண்டு உதவித்தொகையில் கழித்துக்கொள்ளப்படும். படிப்பு சார்ந்த செலவுக்காக அத்தொகை தேவைப்படின், செலவுத் திட்டத்தையும், பெற்றோர் தம் கைப்பட எழுதிய இன்றைய வருமான விவரத்தையும், சம்பளச் சான்றையும் நவம்பர் 15-க்குள் சமர்ப்பிக்கலாம். அதன் பின் வருபவை ஏற்கப்படா.

செயலாளர்

*

அறை 14
அக்டோபர் 13

அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீங்களும் அம்மாவும் நலமாக இருங்கள்.

அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் உங்களைப் பாராட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பத்தியில் என் அடுத்த வருஷப் பணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் பிரிவு அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே" என்றார். அப்புறம், "உங்கப்பா என்ன வேலை பார்க்கறார்?" என்று கேட்டார். எடைமேடையில் எடை போடுகிறார் என்றேன். "அதான்" என்றார்.

அந்தப் பணத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேனே, அது இதுதான். மூன்றாம் வருஷத்தில் ஆறு மாதம் வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே சம்பளம் கிடையாது, விடுதி கிடையாது. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கைக்காசு. உதவித்தொகையில் அதற்கென்று ஒரு பைசா ஒதுக்கவில்லை. பயிற்சி முடிக்காதவர்களுக்குப் பட்டமும் இல்லை. மிஞ்சியது பதினெட்டாயிரத்து நானூறு, அங்கே ஆகும் செலவு ஏறக்குறைய இருபதாயிரம். கடவுளே பார்த்து அளந்து போட்டது போல் இருந்தது.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அதற்கும் சேர்த்து நீங்கள் மாதம் இன்னொரு ஆயிரம் அனுப்புவீர்கள் என்றுதான். ஆனால் நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் செலவுத் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பாக்கி உங்கள் வருமான விவரமும் முதலாளியிடமிருந்து சம்பளச் சான்றும்தான். பத்து வரி எழுத வேண்டியது. உடனே அனுப்புங்கள்.

கடுகு

*

வீடு
அக்டோபர் 25

அன்பு மகள் கடுகுக்கு,

இங்கு நலம். உன் கோபம் கிடைத்தது. நியாயமான எடைதான்.

மிச்சம் இருந்தால் தெரிவிப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தெரிவித்தேன். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தப்பு. பணத்தை உன்னுடையதாக நினைக்காமல் என் கையெழுத்தினுடையதாக நினைத்துவிட்டேன்.

ஆறு மாதப் பயிற்சி விஷயம் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். வேறு ஊரில் தனியாக எப்படி இருப்பாள் என்றாள். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாதவள் ஊரைப் பார்த்தா பயப்படப் போகிறாள் என்றேன்.

வருமான விவரம் எழுத வேண்டும். எழுதுவேன். முதலாளியைப் போய்ப் பார்க்க இன்னும் தோது வரவில்லை. நவம்பர் 15 என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு லாரி ஓட்டுநர் எடைக்கு வரும்போதெல்லாம் மேடையில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி வெளியே எறிந்துவிடுவார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் செருப்பைக் கழற்றி என்ன ஆகப்போகிறது? கேட்டால், "மனசு கேக்கலை சார்" என்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்பா

*

அறை 14
நவம்பர் 4

அப்பாவுக்கு,

நலம், நலமறிய விருப்பம்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. செருப்பைக் கழற்றி எறிந்தவரைப் பற்றி எட்டு வரி எழுத நேரம் இருந்திருக்கிறது. சம்பளம் இவ்வளவு என்று ஒரு வரி எழுத நேரம் இல்லையா?

மிச்சம் இருக்கிறது என்பதை யாரும் கேட்காமலே எழுதினீர்கள். போதவில்லை என்பதைக் கேட்டும் எழுத மாட்டேன் என்கிறீர்கள். போதவில்லை என்று எழுதுவது அவமானம் என்று நினைத்தால், அதை எனக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் படிப்பை நிறுத்தி, எங்கேயாவது ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவப் போகிறேன். பணம் சேர்ந்ததும் திரும்பி வருகிறேன். அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருமே திரும்பி வரவில்லை.

கடுகு

*

வீடு
நவம்பர் 9

கண்ணு கடுகுக்கு அம்மா எழுதறது.

எனக்கு எழுத்து வராதுன்னு தெரியும், பேசற மாதிரியே எழுதறேன். நான் நல்லா இருக்கேன். முழங்கால் அது பாட்டுக்கு இருக்கு. உன் லெட்டரை உங்கப்பா மூணு தடவை படிச்சார். அப்புறம் ரெண்டு நாளா எழுதறதும் கிழிக்கறதுமா இருக்கார். நோட்டுல பாதித் தாள் போச்சு.

அவர்கிட்ட கோபப்படாதேன்னு சொல்ல மாட்டேன். நானும் கோபமாத்தான் இருக்கேன். கல்லுளிமங்கன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு நினைப்பு. ஆனா நான் எதையும் எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார், அதனால எழுதலை. அவரோட வலது காதும் இப்ப லீவு கேக்குது. அதை எழுதக் கூடாதுன்னு சொல்லலை, எழுதிட்டேன்.

நீ படிப்பை நிறுத்தறேன்னு எழுதினதைப் படிச்சதும் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போனார். எங்கேன்னு கேட்டேன், சான்று வாங்கன்னார். தபாலை நம்பாம தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் குடுக்கப் போறாராம். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

அறக்கட்டளை அலுவலகம்
டிசம்பர் 2

பெறுநர்: மாணவி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு

தங்கள் செலவுத் திட்டமும் தந்தையார் நவம்பர் 12 அன்று நேரில் அளித்த வருமான விவரமும் பரிசீலிக்கப்பட்டன. மிச்சத் தொகையைத் தாங்கள் பயிற்சிக் காலத்துக்கென வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு உதவித்தொகையில் எதுவும் கழிக்கப்படாது. மேலும், குடும்ப வருமானம் குறைந்துள்ளதால், ஜனவரி முதல் பராமரிப்புத் தொகையாக மாதம் ஆயிரத்து ஐந்நூறு வழங்கப்படும்.

பெற்றோர் அளிக்கும் விவரத்தின் நகலை மாணவிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி 4. தந்தையாரின் கோரிக்கையை இதனால் ஏற்க இயலவில்லை. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்

இணைப்பு:

ஐயா, என் இன்றைய வருமானம் பற்றி எழுதிக் கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தேன். ஆகஸ்ட் 2 அன்று காலை, எனக்குப் பின்னால் வந்த லாரியின் ஹாரன் என் காதில் விழவில்லை. லாரி நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டுநர்தான் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். காது கேட்காத ஆளை அந்த இடத்தில் வைத்திருக்க முடியாது என்று முதலாளி சொன்னார். அவர் சொன்னது சரி. அன்றோடு வேலை முடிந்தது.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் வருமானம் இல்லை. அக்டோபர் 1 முதல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காவலர். சம்பளம், முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தலைமை ஆசிரியை கொடுத்த சான்று இத்துடன் உள்ளது. மகளுக்கு மாதம் ஆயிரம் அனுப்புகிறேன். அது எடைமேடை முதலாளி கடைசியாகக் கொடுத்த தொகையிலிருந்து போகிறது. ஜனவரியோடு அது தீர்ந்துவிடும்.

மிச்சம் இருக்கிறது என்று ஜூலையில் நான் எழுதியது அன்றைக்கு உண்மை. போதவில்லை என்று இப்போது எழுதுவது இன்றைக்கு உண்மை. இந்த விவரம் எதுவும் என் மகளுக்குத் தெரியாது. விதி இடம் கொடுத்தால் அவளுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

அறை 14
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலைப் பற்றியும் உங்கள் இரண்டு காதுகளைப் பற்றியும் தனித்தனியாக எழுதவும்.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்துவிட்டது. பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் பயிற்சிக்குப் போகிறேன். ஜனவரியிலிருந்து எனக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு தனியாகவும் தருகிறார்கள். டிசம்பர் மாதத்துக்கு நீங்கள் அனுப்பிய ஆயிரம் நேற்று வந்தது. நான் வாங்கவில்லை. தபால்காரரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களிடம் வந்து சேரும்.

நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி வரிசையாகப் படித்தேன். ஒரு பொய்யாவது இருக்கும் என்று தேடினேன். எடைமேடை அதன் இடத்தில் இருக்கிறது. லாரிகள் வருகின்றன, போகின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறீர்கள். எல்லாம் உண்மை. ஜூலைக் கடிதத்தில் நேற்று இருபத்தெட்டு, இன்று முப்பத்தொன்று என்று இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரு லாரிக்காரர் உண்டு, ஒரு ஓட்டுநர் வருவார், அவ்வளவுதான். படித்து முடித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நவம்பரில் நான் எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நேற்று எத்தனை லாரி?

கடுகு

*

பள்ளிக்கூட வாசல்
டிசம்பர் 16

அன்பு மகள் கடுகுக்கு,

அம்மாவின் முழங்கால் முன்பு போலத்தான். என் இடது காது ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது பகுதி நேரம் வருகிறது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நேற்று எத்தனை லாரி என்று கேட்டிருக்கிறாய். நேற்று ஒரு லாரியும் இல்லை.

நேற்றுக் காலை முன்னூற்றுப் பதினாறு பிள்ளைகள் வாசல் வழியாக உள்ளே போனார்கள். சாயங்காலம் முன்னூற்றுப் பதினைந்து பேர் வெளியே வந்தார்கள். எண்ணு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை என்று பார்த்துப் பழகியவன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தலைமை ஆசிரியை பையை மாட்டிக்கொண்டு வந்து, எண்ணிக்கை தவறியிருக்கும், பூட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்று கையால் காட்டினார். "ஒரு ஆள் குறையுதும்மா, பூட்ட மாட்டேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, திடுக்கிட்டார். இரண்டு பேருமாக ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். உடற்பயிற்சி அறையில், சுருட்டி நிறுத்திய பாய்களுக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒளிந்து விளையாடியவள் அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். அவளைத் தேடி அவள் அம்மா அதற்குள் ஓடி வந்துவிட்டார். இனிமேல் தினமும் எண்ணும்படி தலைமை ஆசிரியை எழுதியே கொடுத்துவிட்டார்.

இந்த வேலைக்குக் காது கேட்காதது ஒரு வசதி. மணி அடித்ததும் முன்னூறு பேரும் சேர்ந்து கத்துவார்கள். காது கேட்கிறவர்கள்தான் பாவம்.

நீ திருப்பி அனுப்பிய ஆயிரம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கினேன். எண்ணூற்று இருபது மிச்சம். யாருக்கும் எழுதித் தெரிவிக்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது நான்கு மாதமும் எனக்குச் சங்கடமாகவே இருந்தது. சொன்னால் நீ படிப்பை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். சொல்லாததால் நீ நிறுத்துகிறேன் என்று எழுதியதும்தான், என் எடையில் எங்கே பிசகு என்று தெரிந்தது. இனி மிச்சம் இருந்தாலும் எனக்கு எழுது, குறைந்தாலும் எழுது. நானும் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வரும்போது என் காதருகே வந்து கத்தாதே. எதிரில் உட்கார்ந்து பேசு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகியிருக்கிறேன். அம்மா சொல்வது முக்கால்வாசி புரிந்துவிடுகிறது. மீதி கால்வாசி புரியாமல் இருப்பதே நல்லது.

அப்பா

பி.கு.: இன்று காலை முன்னூற்றுப் பதினான்கு பேர். நேற்றுத் தூங்கிய பெண்ணும் அதில் உண்டு.